பாட்டியின் மாத்திரைக் கவரை நாய் கடித்துவிட்டது: உடனே என்ன செய்யணும்?

கேள்வி சுருக்கமாக இது. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடு. ஜன்னல் திண்டில் இருந்த பாட்டியின் மாத்திரைக் கவரை 9 கிலோ நாட்டு நாய் இழுத்துப்போட்டுக் கடித்திருக்கிறது. டோலோ 650, அதாவது 650 மி.கி. பாராசிட்டமால், அட்டையில் மூன்று காணோம். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை அட்டைகளும் கிழிந்து கிடக்கின்றன. வீட்டில் பூனையும் உண்டு. நாய் வாலாட்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா, இல்லை காலை வரை பார்க்கலாமா?

இரண்டும் வேண்டாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ஒருவர் கால்நடை மருத்துவருக்குப் போன் போடட்டும். மீதியை அதற்குள் படித்துவிடலாம்.

வாலாட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுப்பது பெரும்பாலும் மறுநாள்தான் வெளியே தெரியும். வலி மாத்திரையால் சிறுநீரகம் அடிபட்டால் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும். வயிற்றைக் காலி செய்ய நல்ல நேரமோ விழுங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான், அதாவது நாய் நன்றாகத் தெரிகிற அதே நேரம். "வாந்தி எடுத்தால் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று காத்திருப்பவர்கள் அந்த நேரத்தைத்தான் கைவிடுகிறார்கள்.

நாயையும் பூனையையும் தனித்தனி அறையில் அடையுங்கள். வாயில் இன்னும் அட்டைத் துண்டோ மாத்திரையோ ஒட்டியிருந்தால், கடிக்காத நாயாக இருந்தால் மட்டும், விரலால் வெளியே தள்ளுங்கள். தொண்டைக்குள் விரல் விடக் கூடாது. பிறகு தரையில் கிடப்பதை எல்லாம் பொறுக்குங்கள். கட்டிலுக்கு அடியில், மெத்தை இடுக்கில், நாய் படுக்கும் சாக்கில் தேடுங்கள். காணாமல் போன மூன்றில் ஒன்று அலமாரிக்கு அடியில் கிடந்தால் கணக்கே மாறிவிடும்.

அட்டையில் எத்தனை குழி காலி என்று எண்ணுங்கள். அதில் பாட்டி எத்தனை சாப்பிட்டார் என்று அவரிடமே கேளுங்கள். "நேத்து போட்டேனா, முந்தாநாள் போட்டேனா" என்று அவர் யோசித்தால், போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்த இடத்தில் எப்போதும் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். இரண்டு பிராணிகள் இருக்கும் வீட்டில் காணாமல் போன மூன்றையும் நாய் தின்றது என்று ஒரு கணக்கு, மூன்றையும் பூனை தின்றது என்று இன்னொரு கணக்கு. பாதி பாதியாகப் பங்கு போட்டுக் கணக்கிடக் கூடாது.

நம்மூரில் பெரிய தலைவலி வெட்டிய அட்டை. மெடிக்கலில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித்தான் தருவார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில் போகும், மி.கி. அளவு இன்னொரு துண்டில் போகும். நாய் கடித்த பிறகு மிச்சமிருக்கும் வெள்ளிக் காகிதத்தில் "…மைட் எம் 2" என்று பாதி எழுத்துதான் இருக்கும். துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடியவில்லையா, மருந்துச் சீட்டும் பில்லும் எங்கே என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் வாங்கிய கடைக்குப் போன் செய்து அட்டையின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்புங்கள். நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே சொல்லிவிடுகிற கடைக்காரர்கள் உண்டு. 2021-ல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு பல வீடுகளில் சுகர், பிரஷர் மாத்திரைகள் மொத்தமாக வந்து ஒரே கவரில் கிடக்கின்றன. அந்த வீடுகளில் நோயாளியின் குறிப்பு அட்டையைப் பாருங்கள், கொடுத்த மருந்து அதில் எழுதியிருக்கும்.

எடையும் வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்தால் எடை. மெஷின் இல்லையென்றால் பார்த்துச் சொல்லலாம், ஆனால் குறைத்தே சொல்லுங்கள்.

கணக்கு ஒன்றுதான்: ஒரு மாத்திரையின் மி.கி. பெருக்கல் எண்ணிக்கை, வகுத்தல் எடை. மூன்று டோலோ 650 என்றால் 1950 மி.கி. அதை 9-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 217 மி.கி. போனில் மருத்துவரிடம் "நாய் மாத்திரை தின்னுட்டு டாக்டர்" என்று தொடங்குவதைவிட, "9 கிலோ நாய், பாராசிட்டமால் அதிகபட்சம் 1950 மி.கி., ஏழேகால் மணிக்குப் பார்த்தோம், கடைசியாக ஆறு மணிக்கு நல்லபடி பார்த்தது, இன்னும் வாந்தி இல்லை" என்று சொன்னால், அடுத்த வாக்கியத்திலேயே அவர் முடிவு சொல்வார்.

217 என்பது எவ்வளவு பெரிது? நாய்க்குக் கிலோவுக்கு 75 முதல் 100 மி.கி.யைத் தாண்டினாலே ஈரலுக்கு ஆபத்து. 200-ஐத் தாண்டினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனும் கெடத் தொடங்கும். ஆக, டோலோ கணக்கு ஒன்றே போதும், இன்றிரவே கிளம்ப வேண்டியதுதான்.

பூனை என்றால் கணக்கே வேறு. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்ற நம் ஈரலில் ஒரு முக்கியமான வழி உண்டு. பூனைக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. மருந்து வேறு பாதையில் போய் விஷப் பொருளாக மாறி ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கும். ஹீமோகுளோபின் பழுப்பாகிவிடும், ஆக்சிஜனைச் சுமக்காது. கிலோவுக்கு 10 மி.கி.யிலேயே பூனைக்கு விஷமேறிய பதிவுகள் உண்டு. மூன்றரைக் கிலோ பூனைக்குக் கால் டோலோ 650 கொடுத்தாலே கிலோவுக்கு 46 மி.கி. வந்துவிடும். பாதுகாப்பான அளவு என்று பூனைக்கு எதுவும் கிடையாது. நக்கியதோ, துணுக்கு தின்றதோ, சந்தேகமோ, எதுவானாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பூனையின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் சரியாகத் தெரியும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சாயாவில் பால் குறைந்த மாதிரி மங்கிய பழுப்பாகவோ, நீலம் கலந்த சாம்பலாகவோ இருந்தால் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது. சில மணி நேரத்தில் முகமும் முன்னங்கால் பாதங்களும் வீங்கலாம், மூத்திரம் கறுத்துப் போகலாம், மூச்சு வேகமாகும். அந்த நிலையில் பூனையை அழுத்திப் பிடித்து மல்லுக்கட்டக் கூடாது. இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் அது துள்ளித் தீர்த்துவிடும்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் விஷம் திருடித் தின்பதால் மட்டும் வருவதில்லை, அன்போடு ஊட்டுவதாலும் வருகிறது. நாயையோ பூனையையோ தொட்டுப் பார்த்து "காய்ச்சல் அடிக்குது" என்று பாதி மாத்திரையை மீன் சோற்றில் பிசைந்து வைத்துவிடுகிறார்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், பூனைக்கும் ஏறக்குறைய அதேதான். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும்.

பாராசிட்டமாலுக்கு நல்ல மாற்று மருந்து இருக்கிறது, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். மனிதர்களுக்கும் இதே விஷத்துக்கு இதைத்தான் ஏற்றுகிறார்கள். வழக்கமான அளவு முதலில் கிலோவுக்கு 140 மி.கி., பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 70 மி.கி., ஏழு தடவை. மூன்றரைக் கிலோ பூனைக்கு மொத்தமே இரண்டேகால் கிராமுக்குள்தான். சிறிய கால்நடை மருந்தகத்தில் இது கையிருப்பில் இல்லாமல் போகலாம். ஆனால் பெரிய மனித மருத்துவமனைகளின் மருந்தகங்களில் ஊசி மருந்தாகக் கிடைக்கும். போன் பேசும்போதே "அசிட்டைல்சிஸ்டீன் உங்களிடம் இருக்கிறதா, நாங்கள் வாங்கிக்கொண்டு வரவா, எத்தனை ஆம்பியூல்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். நுரைத்துக் கரையும் மாத்திரை வடிவம் வீட்டில் இருந்தாலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். கசப்பில் நுரைதள்ளி மூச்சுக்குழாயில் போய்விடும், வயிற்றில் இருக்கும் விஷத்தைப் பிடிக்க மருத்துவமனையில் கொடுக்கும் கரியை முன்பே கொடுத்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். எதை முதலில் கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு.

அடுத்தது பாட்டியின் சுகர் மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் வாந்தி, பேதியோடு முடியும். பயப்பட வேண்டியது கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகைகள். இவை சுகர் இல்லாத உடம்பிலும் இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையைக் கீழே தள்ளும். பல அட்டைகளில் மெட்ஃபார்மினோடு கிளிமிப்பிரைடு சேர்ந்தே இருக்கும், பெயரைப் பார்த்தால் மெட்ஃபார்மின் என்றே தோன்றும். பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். சின்ன நாய்க்கு ஒரு மாத்திரையே போதும். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, பிறகு வலிப்பு. ஒருமுறை சரியாகி மறுபடி இறங்கும், ஒரு நாளுக்கு மேலும் நீளலாம்.

இந்த ஒரு வகைக்கு மட்டும் வீட்டில் செய்ய ஒன்று இருக்கிறது. நாய் தெளிவாக இருந்து, மருத்துவரும் வாந்தி எடுக்க வைக்கப் போவதில்லை என்றால், சோறு கொடுங்கள். தள்ளாடத் தொடங்கிவிட்டால் சர்க்கரைப் பாகையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள். வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால் காது மடலின் ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கலாம். மனிதர்களுக்கான மெஷின் நாய் ரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு, இருந்தாலும் 60-க்குக் கீழே காட்டினால் அவசரம்தான். பாகு தேய்த்ததும் எழுந்து நின்றுவிட்டது என்று பயணத்தை நிறுத்தாதீர்கள்.

பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின், அட்டினலால், மெட்டோபுரலால் மூன்றும் பொல்லாதவை. நமக்கு 5 மி.கி. அம்லோடிபின் சாதாரண மாத்திரை, 3 கிலோ பூனைக்கு அதுவே பேரளவு. ரத்த அழுத்தம் விழுந்து, பாதங்கள் சில்லிட்டு, எழ முடியாமல் படுத்துவிடும். அம்லோடிபின் மெதுவாக ஏறும் மருந்து, ஆறேழு மணி நேரம் கழித்தும் உச்சத்துக்கு வரலாம். டெல்மிசார்டன், லோசார்டன் வகைகள் அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் அட்டையில் "ஏஎம்" என்று வால் ஒட்டியிருந்தால் உள்ளே அம்லோடிபினும் சேர்ந்திருக்கிறது.

வலி மாத்திரைகள்: இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன். காம்பிஃபிளாம் ஒன்றில் 400 மி.கி. இபுபுரோஃபெனும் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கின்றன, ஆகவே இரண்டு கணக்கு போட வேண்டும். 9 கிலோ நாய் இரண்டு தின்றால் இபுபுரோஃபென் கிலோவுக்கு 89 மி.கி., பாராசிட்டமால் 72. இபுபுரோஃபென் 25-ஐத் தாண்டினாலே நாய்க்கு வயிற்றுப் புண் தொடங்கலாம், 175-க்கு மேல் சிறுநீரகம், 400-க்கு மேல் வலிப்பு வரை போகும். பூனைக்கு இதில் பாதி அளவிலேயே இதெல்லாம் வரும். வாந்தியில் காப்பித்தூள் போன்ற துகள், மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டுவது, இரண்டும் உள்ளே ரத்தக் கசிவின் அடையாளம். டைக்ளோஃபினாக்கின் குணம் இந்தியாவுக்குப் புதிதல்ல. மாடுகளுக்குப் போட்ட ஊசி பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது தெரிந்து 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். மூட்டுவலிக்குப் பாட்டி காலில் பூசும் ஜெல்லை நாய் நக்குவதும் இதே கணக்கில்தான் வரும்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று வைட்டமின் டி3. வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் பாக்கெட்டும் காப்ஸ்யூலும் இல்லாத வீடு குறைவு. பொடி இனிப்பாக இருக்கும், நாய் பாக்கெட்டோடு தின்னும். 60,000 யூனிட் என்பது 1.5 மி.கி. நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மி.கி.யிலேயே தொந்தரவு தொடங்கலாம், 0.5-ஐ எட்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். 9 கிலோ நாய் ஒன்று தின்றால் 0.17, நாலு இருக்கும் பெட்டியையே தின்றால் 0.67. முதல் நாள் ஒன்றுமே தெரியாது. அளவில்லாமல் தண்ணீர் குடிப்பது, மூத்திரம் அதிகம் போவது, சாப்பாட்டை ஒதுக்குவது என்று மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடங்கும். சாதாரண கால்சியம் மாத்திரையில் இருக்கும் 250 யூனிட்டையும் இந்த 60,000-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் யாராவது காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால் அந்த அட்டையைப் பூட்டியே வையுங்கள். நாலு மருந்து சேர்ந்த மாத்திரை ஒன்றில் 75 மி.கி. ஐசோநியசிட் இருக்கிறது. அதை உடைக்கும் வழி நாயின் உடம்பில் இல்லை. ஆறு மாத்திரை தின்ற 9 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 50 மி.கி. ஆகிவிடும், அது உயிர்போகும் அளவு. அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்காத வலிப்பு வரும். இதற்கு மாற்று மருந்து வைட்டமின் பி6, பெயர் பைரிடாக்சின். தின்ற ஐசோநியசிட் எத்தனை மி.கி.யோ அத்தனை மி.கி. ஊசியாகப் போடுவார்கள். "டிபி மாத்திரை" என்ற சொல்லைப் போனில் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் வலிப்புக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருப்பார், அது கேட்காது.

சத்து மாத்திரை என்று அலட்சியப்படுத்தப்படும் இரும்பு மாத்திரையும் அதிகமானால் குடலைப் புண்ணாக்கும். கிலோவுக்கு 20 மி.கி. இரும்புக்கு மேல் போனாலே கவனிக்கணும், 60-க்கு மேல் ஆபத்து. இதை மருத்துவமனைக் கரியும் பிடிக்காது. ஆஸ்துமா இன்ஹேலரை நாய் கடித்து ஓட்டை போட்டால் ஒரே நொடியில் பெரிய அளவு உள்ளே போய் இதயம் படபடக்கும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் சில சொட்டு பூனையின் உயிரை வாங்கும், தலையணை உறையை நக்கினாலே போதும். சொறிசிரங்குக்குப் பூசும் பெர்மெத்ரினும் பூனைக்கு விஷம்.

அப்படியானால் எல்லாமே ஆபத்தா? இல்லை. தைராய்டு மாத்திரை நாய்க்குப் பெரும்பாலும் அவ்வளவு பயமில்லை. தைராய்டு குறைந்த நாய்க்கு மருத்துவர்கள் கொடுக்கும் அளவே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், நமக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. 100 மைக்ரோகிராம் மாத்திரை இரண்டு மூன்று தின்ற நாயை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லக்கூடும். அமாக்சிசிலின், பான்டோபிரசோல், பி காம்ப்ளெக்ஸ் ஒன்றிரண்டு என்றால் வயிற்றைக் கலக்குவதோடு போய்விடும். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் சும்மா இருக்க வேண்டும். அட்டையை மென்று விழுங்கியிருந்தால் மருந்து சாதுவாக இருந்தாலும் வெள்ளித் தகட்டின் கூரான ஓரம் தொண்டையையும் குடலையும் கீறும்.

இனி அந்த உப்புத் தண்ணீர். நாய்க்குக் கிலோவுக்கு 2 கிராம் உப்பே விஷ எல்லை. 9 கிலோ நாய்க்கு அது 18 கிராம், சமையலறையில் ஒரு பெரிய கரண்டி உப்பு. அதைக் கரைத்துக் கொடுத்து வாந்தி வரவில்லையென்றால், டோலோவோடு உப்பு விஷத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டிவரும். சோப்புத் தண்ணீர் நுரைத்து நுரையீரலில் போகும். தேங்காய் எண்ணெயை வாயில் ஊற்றினாலும் அதேதான், போதாக்குறைக்குச் சில மருந்துகள் எண்ணெயோடு சேர்ந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். மோர், இளநீர், முட்டை வெள்ளைக்கரு எதுவும் மாத்திரையை முறிக்காது, நேரத்தைத்தான் முறிக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் வரும். அவர்கள் சொல்வது 3 சதவீதக் கரைசல், கிலோவுக்கு 1 மி.லி., அதுவும் மருத்துவர் போனில் இருந்து சொல்லும்போது நாய்க்கு மட்டும். இந்திய மருந்துத் தரநூல் அளவில் வரும் பாட்டில் 6 சதவீதம், காயம் கழுவக் கடையில் தருவது அதுதான். அதை அப்படியே ஊற்றினால் இரைப்பை வெந்துவிடும். பூனைக்கோ எந்த சதவீதமும் கூடாது, ரத்தப்போக்கு வரும் அளவுக்குப் புண்ணாகும். கரி மாத்திரையும் பயன்படாது. மருத்துவமனையில் கொடுக்கும் அளவு கிலோவுக்கு ஒரு கிராமாவது. 250 மி.கி. கரி மாத்திரையில் அந்த அளவை எட்ட 9 கிலோ நாய்க்கு 36 மாத்திரை வேண்டும். அடுப்புக் கரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மருத்துவமனையில் நாய்க்கு அப்போமார்ஃபின், பூனைக்கும் பல இடங்களில் நாய்க்கும் சைலசின் என்று ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். எல்லோருக்கும் இது செய்யப்பட மாட்டாது. மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தாலோ, பக் மாதிரி சப்பை மூக்கு நாயாக இருந்தாலோ, வாந்தி நுரையீரலில் போகும் என்று தயங்குவார்கள். நாய் தானாகவே வாந்தி எடுத்துவிட்டால் அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். குச்சியால் கிளறி எத்தனை மாத்திரை முழுசாக வந்தது என்று பாருங்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். பூனையை அதன் பக்கம் விடாதீர்கள்.

எங்கே போவது? அரசு கால்நடை மருந்தகங்கள், நம்மாட்கள் சொல்லும் மாட்டாஸ்பத்திரி, பெரும்பாலும் பகல் நேரம்தான். இரவென்றால் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் இருக்கும் தனியார் கிளினிக்குகளுக்குப் போன் செய்து, ஆள் இருக்கிறார் என்று உறுதியான பிறகு கிளம்புங்கள். 1962 என்பது கால்நடை ஊர்திக்கான அரசு எண், மாடு ஆட்டுக்காகத்தான் அதிகம் ஓடுகிறது, இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பெரிய இடம் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவிலில் இருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தவர்களுக்கு ஆரல்வாய்மொழி வழி அதுதான் சுலபம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்குக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம், ஆனால் மாலை நேரத்தில் அந்தச் சாலையின் நெரிசலையும் கணக்கில் வையுங்கள்.

என் கருத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே ஓடுவதைவிட, கிட்டே இருக்கும் எந்தக் கால்நடை மருத்துவரிடமாவது முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய் வாந்தி எடுக்கவைத்து, ஒரு ட்ரிப்ஸ் ஊசி குத்திக்கொண்டு பிறகு தூரப் பயணம் போவதுதான் சரி. வயிற்றில் இருக்கும் மாத்திரை, திருவனந்தபுரம் போகும் வழியில் நீங்கள் நெய்யாற்றின்கரையைத் தாண்டும் வரை காத்திருக்காது.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு பைக்கில் உட்காராதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி போதும், ஓலைக் கடவம் இருந்தால் மேலே துவர்த்துத் துண்டைப் போட்டுக் கட்டிவிடலாம். நாய்க்கு வலிப்பு வந்தால் வாயில் கரண்டியோ கையோ வைக்க வேண்டாம், தலை மோதாமல் துணியை அணைத்து வைத்து வண்டியை ஓட்டச் சொல்லுங்கள்.

உங்கள் நாய்க்கு அங்கே என்ன நடக்கும் என்றால், வாந்தி, பிறகு குழாய் வழியே கரி, அசிட்டைல்சிஸ்டீன், ட்ரிப்ஸ், இடையிடையே சுகர், பிரஷர் பார்ப்பது. பிரஷர் அடியோடு விழுந்தால் மனித மருந்தகத்தில் கிடைக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை வாங்கிவரச் சொல்லக்கூடும். ரத்தத்தில் கரைந்து திரியும் சில மருந்துகளை அது இழுத்துக்கொள்ளும். ஈரல், சிறுநீரகச் சோதனைக்கு அன்றே ஒரு ரத்தம் எடுப்பார்கள், பிறகு 24, 48, 72 மணி நேரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். முதல் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் மீதி மூன்றையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் ரிப்போர்ட் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான், ஈரல் நிலவரம் 48 மணி நேர ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

பூனை எதையும் தின்றதாகத் தெரியவில்லை என்றாலும், கடித்த மாத்திரைப் பொடி சிந்திய தரையில் அது நடந்திருந்தால் பாதத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், நக்கும் முன்னே. அடுத்த ஒரு நாள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈறைப் பாருங்கள்.

மாத்திரைக் கவரை ஜன்னல் திண்டில் இருந்து எடுத்து ஆணியில் தொங்கவிடுவது தீர்வாகாது, பூனை அதைத் தட்டி விளையாடும். மூடி இறுகும் பிஸ்கட் டின்னோ எவர்சில்வர் தூக்கோ போதும். மெடிக்கலில் அட்டையை வெட்டித் தரும்போது பெயர் இல்லாத துண்டு வந்தால், அங்கேயே பேனா வாங்கிக் கவர் மேல் மருந்தின் பெயர், மி.கி., எத்தனை, தேதி நான்கையும் கடைக்காரரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.